ஒரு ராத்திரி பாஸ், மறு ராத்திரி ஃபெயில்: ஃபைல்சிஸ்டம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் விட்டுவிட்டு வரும் பிழையை எப்படிப் பிடிப்பது?

காட்பாடி_ஜங்ஷன்

எல்லோருக்கும் வணக்கம். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் டெஸ்ட் தொகுப்பை ராத்திரி தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். அமைப்பு இது: 8 கோர் டெஸ்க்டாப், 32 ஜிபி ராம் (ஈசிசி, அதாவது பிழைதிருத்தும் வசதி, இல்லை), என்விஎம்ஈ டிஸ்க். அதன் மேல் கியூஎமு-கேவிஎம் கெஸ்ட் (மெய்நிகர் மெஷின்), 4 சிபியு, 4 ஜிபி ராம். டெஸ்ட் டிவைஸ், ஸ்கிராட்ச் டிவைஸ் இரண்டும் ஹோஸ்ட்டில் (அசல் மெஷினில்) கியூகவ்2 என்ற மெய்நிகர் டிஸ்க் ஃபைல்கள், தலா 20 ஜிபி. ஃபைல்சிஸ்டம் ஈஎக்ஸ்டி4, பிளாக் அளவு 1024 பைட். கெர்னலில் எங்கள் பேட்ச் வரிசை ஒன்று இருக்கிறது.

தொகுப்பில் ஜெனரிக் 522 என்ற டெஸ்ட் சில ராத்திரி ஃபெயில் ஆகிறது. ஜெனரிக் 475 சில ராத்திரி முடியாமலே நின்றுவிடுகிறது. காலையில் திரும்ப ஓட்டினால் இரண்டும் பாஸ். திரும்ப ஓட்டிப் பாஸ் ஆனால் பாஸ் என்றே குறித்துவிடலாம் என்று டீமில் பேச்சு ஓடுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த இடத்தில் பிடித்துத் தொடங்குவது?

பாலாற்றங்கரை

ஒப்பாதது சரிதான். ஃபைல்சிஸ்டத்தில் விட்டுவிட்டு வரும் பிழை என்றால், யாரோ ஒருவருடைய டேட்டா விட்டுவிட்டுப் போகப்போகிறது என்று பொருள். திரும்ப ஓட்டுவது கூடாது என்று சொல்லவில்லை. முதல் ஓட்டத்தின் தடயத்தை அழித்துவிட்டு ஓட்டுவதுதான் கூடாது.

‘ஃபெயில்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. முதலில் உங்களுடையது எது என்று பிரியுங்கள்.

டெஸ்ட்டின் வெளியீடு எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லை என்றால், ரிசல்ட்ஸ் அடைவில் அந்த டெஸ்ட் எண்ணோடு அவுட்.பேட் என்று முடியும் ஃபைல் விழும். டெஸ்ட் நன்றாக முடிந்து, அதற்குப் பிறகு செக் ஸ்கிரிப்ட் (டெஸ்ட்களை ஓட்டுவது) ஓட்டும் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டம் சரிபார்ப்பு) பிழை சொன்னால் ‘இன்கன்சிஸ்டென்ட்’ என்று வரும். இரண்டும் சுத்தமாக இருந்து கெர்னல் லாக்கில் வார்னிங், பக், லாக்டெப் (லாக் பிடிக்கும் வரிசையைச் சரிபார்க்கும் கெர்னல் கருவி) புகார் ஏதாவது இருந்தால் டிமெசேஜில் ஏதோ கிடைத்தது என்று சொல்லும். மூன்றாவதைப் பலரும் சத்தம் என்று தள்ளிவிடுகிறார்கள். பல நேரம் அதுதான் முதல் அறிகுறி; டேட்டா கெடுவது அதற்கப்புறம் வருவது.

கீப் டிமெசேஜ் மாறியை ‘எஸ்’ என்று வையுங்கள். பாஸ் ஆன ஓட்டத்தின் கெர்னல் லாக்கும் தங்கும். பாஸையும் ஃபெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த வகைப் பிழை பிடிபடாது. ஒவ்வொரு ஓட்டமும் ரிசல்ட்ஸ் அடைவைத் தேதி போட்டு வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஓட்டம் மேலே எழுதிவிடும்.

522 என்பது பஃபர்ட் ஐஓ-வில் (பேஜ் கேஷ் என்ற மெமரி வழியாகப் படிப்பது, எழுதுவது) எஃப்எஸ்எக்ஸ்-ஐ நீண்ட நேரம் ஓட்டுவது; அது ஒரு ஃபைலில் தற்போக்காக ஆபரேஷன்கள் செய்து, படித்தது சரியா என்று பார்க்கும் நிரல். 475 எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் (ஃபைல்சிஸ்டத்தில் தற்போக்கான வேலைகளைக் குவிக்கும் நிரல்) ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை டிஎம்-எரர் (ஐஓ-வுக்கெல்லாம் பிழை தரும் போலி டிவைஸ்) ஆக மாற்றி, ஃபைல்சிஸ்டத்தைச் சாய்த்து, மறுபடி மவுன்ட் செய்து ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிப் பதியும் குறிப்பேடு) ரிகவரியைப் பார்ப்பது. இதையே 50 சுற்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். தனித்தனியாக எடுங்கள்.

ஆம்பூர்_பஸ்ஸ்டாண்டு

இன்னா வருதுன்னு லாக்கை அப்படியே போடுங்க தலைவரே. பாஸ், ஃபெயில்னு மட்டும் சொன்னா யாருக்கும் ஒன்னும் புரியாது.

சத்துவாச்சாரி_மேடு

லாக் வரட்டும். அதற்குள் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதைத் தாண்டாமல் கெர்னல் கோடுக்குள் போவது வீண் வேலை.

வேலூரில் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறை மதியம் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ராத்திரியும் சூடு சீக்கிரம் இறங்காது. என்விஎம்ஈ டிஸ்க்குகள் பெரும்பாலும் 70-க்கும் 85-க்கும் இடையே எங்கேயோ வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டேட்டா கெடாது, ஆனால் ஐஓ முடியும் நேரம் பல மடங்கு நீளும். அந்த நேர மாற்றமே ஒரு ரேஸை (இரண்டு வேலைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பொறுத்து வரும் பிழையை) வெளியே கொண்டுவரலாம், அல்லது மறைக்கலாம். ‘என்விஎம்ஈ ஸ்மார்ட்-லாக்’ கொடுத்தால் வார்னிங் வெப்பத்தில் கழிந்த நேரமும், வெப்பத்தால் வேகம் குறைந்த தடவைகளின் எண்ணிக்கையும் வரும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஃபெயில் ஆன ராத்திரிகளில் மட்டும் அந்த எண் ஏறியிருந்தால் ஒரு நூல் கிடைத்துவிட்டது.

சாட்டா டிஸ்க் என்றால் ஸ்மார்ட் அட்ரிபியூட் 199-ஐப் பாருங்கள். அது கேபிளில் வரும் சிஆர்சி பிழை. எண் ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க்கை அல்ல. 5, 197 ஏறினால் டிஸ்க்கே போகிறது. யூஎஸ்பி உறையில் போட்ட டிஸ்க்கை ஸ்கிராட்ச் டிவைஸாக வைக்கவே வேண்டாம்; பிரிட்ஜ் சிப் ரீசெட் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஃபைல்சிஸ்டத்தின் மேல் பழி விழும்.

கரண்ட் விஷயம். வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை மாட்டியிருந்தால் பின்பக்க ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளம். ஏடிஎக்ஸ் பவர் சப்ளை முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். நடுராத்திரி மெஷின் தானே ரீபூட் ஆகியிருந்தால், ‘லாஸ்ட் ரீபூட்’ என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

ராமில் ஈசிசி இல்லை என்கிறீர்கள். மெம்டெஸ்ட்86+ ஒரு முழு ராத்திரி ஓட்டுங்கள். அதோடு, கெட்ட டேட்டாவின் உருவத்தையே பாருங்கள். ஒரே ஒரு பைட்டில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தால் ராம் மேல் சந்தேகம். 512-ன் மடங்காக இருந்தால் செக்டார் மட்டத்தில் ஏதோ. பிளாக் அளவுக்கோ பேஜ் அளவுக்கோ சரியாக இருந்தால் மென்பொருள் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். வன்பொருளுக்கு உங்கள் மெக்எஃப்எஸ் (ஃபைல்சிஸ்டத்தை உருவாக்கும் கமாண்ட்) ஆப்ஷன் தெரியாது.

கெஸ்ட் டிஸ்க்குகள் கியூகவ்2 என்பதால் இன்னொன்று. ஹோஸ்ட் டிஸ்க் நிறைந்துவிட்டால் கியூஎமு இயல்பாகவே கெஸ்ட்டை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். உள்ளே இருந்து பார்த்தால் டெஸ்ட் தொங்கின மாதிரியே இருக்கும். ‘விர்ஷ் டொம்ஸ்டேட்’டுக்கு ரீசன் ஆப்ஷன் கொடுங்கள்; பாஸ்டு, ஐஓ எரர் என்று வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. 475 ‘நின்றுவிடுகிறது’ என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

குடியாத்தம்_தறி

ஒரு கணக்கு போட்டுவிட்டு மேலே போகலாம். இதைப் போடாததால்தான் பாதிப் பேர் தவறான கமிட்டை (கோடு மாற்றத்தை) குற்றம் சொல்கிறார்கள்.

ஒரு டெஸ்ட் 20-ல் ஒரு தடவை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திருத்தம் போட்டு 20 தடவை ஓட்டினீர்கள், எல்லாம் பாஸ். சரியாகிவிட்டதா? திருத்தமே போடாமல் ஓட்டினாலும் 20-ம் பாஸ் ஆக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 0.95-ஐ 20 தடவை பெருக்கிப் பாருங்கள். 60 தடவை பாஸ் என்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே வரும். 90 தடவை என்றால் 1 சதவீதம். தோராயமான விதி: விழும் விகிதத்தைத் தலைகீழாக்கி 3-ஆல் பெருக்கினால் 95 சதவீத நம்பிக்கை, 4.6-ஆல் பெருக்கினால் 99.

அதனால் முதல் வேலை விகிதத்தை அளப்பது. செக் ஸ்கிரிப்ட்டில் சின்ன ‘ஐ’ ஆப்ஷன் கொடுத்த எண்ணிக்கை வரை ஓட்டும். பெரிய ‘ஐ’ அதையே செய்து, முதல் ஃபெயிலில் நின்றுவிடும். தடயம் கலையாமல் வேண்டும் என்றால் இது. பெரிய ‘எல்’ ஒரு டெஸ்ட் விழுந்ததும் அதையே இத்தனை தடவை திரும்ப ஓட்டி, எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்று கூட்டிச் சொல்லும். ராத்திரி ஓட்டத்துக்குப் பெரிய எல் 10 வைத்தால் உங்கள் டீமின் ‘திரும்ப ஓட்டலாமா’ சண்டையும் தீர்ந்துவிடும். திரும்ப ஓடும், ஆனால் பாஸ் என்று எழுதாது, விகிதத்தை எழுதும்.

காட்பாடி_ஜங்ஷன்

மிக்க நன்றி. கேட்டதற்கெல்லாம் பதில்:

ஹோஸ்ட்டில் டிஸ்க் இடம் தாராளமாக இருக்கிறது, கெஸ்ட் ரன்னிங் என்றே காட்டுகிறது. மெம்டெஸ்ட் சுத்தம். என்விஎம்ஈ வெப்ப எண்ணிக்கை ஏறவில்லை.

522-ல் எஃப்எஸ்எக்ஸ் ‘ரீட் பேட் டேட்டா’ என்று சொல்லி நிற்கிறது. அது ஹெக்ஸில் தருவதை டெசிமலாக மாற்றி எழுதுகிறேன். கெட்டது 11264 முதல் 12287 வரை. நல்ல மதிப்பு 0 இருக்க வேண்டும். இருப்பது வேறு ஏதோ. ‘ஆபரேஷன் எண், மாட் 256, 94 ஆக இருக்கலாம்’ என்கிறது. லாக்கில் அந்த இடத்தைத் தொட்டவை:

350: மேப்ரைட், 7488 முதல் 12455 வரை
353: பஞ்ச் ஹோல், 10880 முதல் 20479 வரை
361: ரீட், 9216 முதல் 24575 வரை. இங்கேதான் விழுந்தது.

475-ல் அன்மவுன்ட் தொங்குகிறது. 120 செகண்டுக்கு மேல் பிளாக் ஆகியிருக்கிறது என்ற செய்தி கெர்னல் லாக்கில் வருகிறது.

பாலாற்றங்கரை

அருமையான லாக். இதை நிதானமாகப் படிப்போம்; இதிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

எஃப்எஸ்எக்ஸ் எழுதும்போது இரட்டைப்படை ஆஃப்செட்டில் உள்ள ஒவ்வொரு பைட்டிலும் அந்த ஆபரேஷனின் எண்ணை 256-ஆல் வகுத்த மீதியைப் போடும். 350-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 94. ஆக, அங்கே இருப்பது 350-வது ஆபரேஷனில் மேப் வழியாக எழுதிய பழைய டேட்டா. 353-ல் துளை போட்டு அழித்த பிறகு அது திரும்ப உயிர் பெற்றிருக்கிறது.

இப்போது எல்லைகளைப் பாருங்கள். உங்கள் பேஜ் (மெமரியின் அலகு) 4096 பைட், பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அலகு) 1024. துளை 10880-ல் தொடங்குகிறது. அது 8192 முதல் 12287 வரை உள்ள பேஜின் நடுவில் விழுகிறது. அந்தப் பேஜுக்குள் நான்கு பிளாக்: 8192, 9216, 10240, 11264. முதல் இரண்டும் துளைக்கு வெளியே. மூன்றாவது பாதி வெளியே, பாதி உள்ளே. 10880 முதல் 11263 வரை பூஜ்யமாக்க வேண்டும், ஆகியிருக்கிறது. நான்காவது முழுக்கத் துளைக்குள். கெட்டது அந்த நான்காவது பிளாக் மட்டும்தான்!

12288-க்கு மேலே உள்ள பேஜ்களும் துளைக்குள்தான் வருகின்றன. 350 எழுதியது 12455 வரை போகிறது, ஆனாலும் அங்கே கெடவில்லை. ஏன்? முழுதாகத் துளைக்குள் விழுந்த பேஜ்கள் பேஜ் கேஷிலிருந்து மொத்தமாகத் தூக்கி எறியப்படும். ஓரத்துப் பேஜைத் தூக்க முடியாது, அதன் முன்பாதி இன்னும் தேவை. அது கேஷிலேயே தங்கும். அதற்குள் இருக்கும் நான்காவது பிளாக்கின் பஃபரை மட்டும் தனியாகச் செல்லாததாக்க வேண்டும். அந்த வேலையும் ரைட்பேக்கும் (கேஷில் மாறியதைப் பிறகு டிஸ்க்கில் எழுதுவது) மோதிக்கொள்கின்றன என்பது என் ஊகம். பேஜும் பிளாக்கும் ஒரே அளவாக இருந்தால் இந்த வழக்கே எழாது. 4096 பிளாக்கில் ஒரு கட்டுப்பாட்டு ஓட்டம் வைத்துப் பாருங்கள். அங்கே வரவே இல்லை என்றால் ஊகம் பலப்படும்.

அடுத்த தடவை விழும்போது வரிசை முக்கியம். எஃப்எஸ்எக்ஸ் ஃபைலை விட்டுவிட்டுத்தான் வெளியேறும். உடனே சிங்க் (கேஷில் உள்ளதை டிஸ்க்கில் எழுதச் சொல்வது) கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஃபைல்ஃப்ராக் (ஃபைலின் பிளாக்குகளுக்கு டிஸ்க்கில் இடம் எங்கே என்று காட்டும் கமாண்ட்), விரிவான வெளியீட்டோடு. சிங்க் செய்யச் சொல்லும் சின்ன ‘எஸ்’ ஆப்ஷன் இல்லாமல். 1024 கணக்கில் 11-வது லாஜிக்கல் பிளாக் துளையாகவே இருந்தால் டிஸ்க் சரி, கேஷ் மட்டும் பழையது. டிலே-அலாக் (இட ஒதுக்கீடு தள்ளிவைக்கப்பட்டது) என்று காட்டினால் துளைக்குப் பிறகும் டர்ட்டி நிலை (இன்னும் டிஸ்க்கில் எழுத வேண்டிய நிலை) ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடம் ஒதுக்கப்பட்டிருந்தால் ரைட்பேக் துளைக்குப் பிறகு வந்து எழுதியே விட்டது. அதற்கப்புறம் சிங்க், பிறகு டிராப் கேஷஸில் 3 (கேஷைக் காலி செய்வது), பிறகு மறுபடி படியுங்கள். டர்ட்டி பேஜை டிராப் கேஷஸ் தொடாது, அதனால்தான் நடுவில் சிங்க். டிடி-யில் டைரக்ட் கொடிபோட்டுப் படித்தால் அதுவும் முதலில் டர்ட்டி பேஜை எழுதிவிடும். ஆகவே அது கடைசி.

ஃபைலையும் எஃப்எஸ்எக்ஸ்குட் என்று முடியும் நகலையும் சிஎம்பி-யில் சின்ன ‘எல்’ போட்டு ஒப்பிடுபவர்கள் கவனிக்க: அது பைட் எண்ணை 1-லிருந்து எண்ணும், மதிப்புகளை ஆக்டலில் தரும். 94 என்பது 136 என்று தெரியும்.

வாலாஜா_ரோடு

சேர்த்துச் சொல்ல ஒன்று. எஃப்எஸ்எக்ஸ் ஒரே புராசஸ். அதே சீடு (தற்போக்கு வரிசையின் தொடக்க எண்) கொடுத்தால் அதே ஆபரேஷன்கள் அதே வரிசையில் வரும். அப்படியும் சில ஓட்டத்தில் மட்டும் விழுகிறது என்றால் மாறுவது பின்னணிதான்: ரைட்பேக் எழும் நேரம், ஜர்னல் கமிட், மெமரி ரிக்ளெய்ம். ஆகவே பின்னணியை முடுக்குங்கள்.

ரைட்பேக் திரெட் இயல்பாக 5 செகண்டுக்கு ஒரு தடவை எழும் (டர்ட்டி ரைட்பேக் சென்டிசெக்ஸ் 500), 30 செகண்ட் பழைய டர்ட்டி பேஜை எழுதும் (டர்ட்டி எக்ஸ்பயர் சென்டிசெக்ஸ் 3000). முதலாவதை 1 ஆக்குங்கள், இரண்டாவதையும் 1 ஆக்குங்கள். மவுன்ட்டில் கமிட்=1 கொடுங்கள். கெஸ்ட் ராமை 1 ஜிபி-க்கு இறக்குங்கள், பக்கத்தில் ஸ்ட்ரெஸ்-என்ஜி-யை மெமரி தின்ன விடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றாதீர்கள். ஒன்று மாற்றி, விகிதம் அளந்து, பிறகு அடுத்தது. எந்தத் திருகு விகிதத்தை ஏற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் பிழை.

எதிர்த்திசையிலும் பாருங்கள். டர்ட்டி ரைட்பேக் சென்டிசெக்ஸை 0 வைத்தால் அந்த அவ்வப்போது எழுவது நின்றுவிடும். அப்போது பிழை மறைந்தால் அதுவும் சாட்சி.

இன்னும் போதவில்லை என்றால் டிஎம்-டிலே. டேபிளில் படிப்பதற்குத் தனி, எழுதுவதற்குத் தனித் தாமதம் கொடுக்கலாம். படிப்பதற்கு 0, எழுதுவதற்கு 10 மில்லிசெகண்ட் வையுங்கள். ஐஓ அனுப்பியதற்கும் முடிந்ததற்கும் நடுவே உள்ள ஜன்னல் அகலமாகும், ரேஸ் அந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்எஃப்எஸ் பக்கம் இருப்பவர்களுக்கு டீபக் பில்டில் ரைட்பேக்கைத் தாமதப்படுத்த எரர் டேக் ஒன்றே இருக்கிறது. ஈஎக்ஸ்டி4-ல் நீங்களே சந்தேகப்படும் இடத்தில் ஒரு எம்ஸ்லீப் வைத்து பில்டு பண்ணலாம்; லாக் பிடித்திருக்கும் இடத்தில் தூங்கலாமா என்று பார்த்து வையுங்கள், ஸ்பின்லாக்குக்குள் தூங்கினால் வேறு கதை ஆகிவிடும்.

மேக்ஸ்சிபியுஸ்=1 கொடுத்து பூட் செய்தும் ஒரு ஓட்டம். ஒற்றை சிபியுவிலும் வந்தால், உண்மையான இணை ஓட்டம் இல்லாமல், நடுவில் தூங்கி எழும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. தேட வேண்டிய கோடு பாதியாகக் குறையும்.

ராணிப்பேட்டை_சிப்காட்

என் வழக்கம் வேறு. கேசான் (மெமரி மீறலைப் பிடிக்கும் கருவி), லாக்டெப், டீபக் லிஸ்ட், அட்டாமிக் ஸ்லீப் எல்லாவற்றையும் கான்ஃபிகில் போட்டு, முதல் நாளிலிருந்தே அதே கெர்னலில்தான் ஓட்ட வேண்டும். பிழையின் மூலம் தானே வந்து பெயர் சொல்லும்.

வாலாஜா_ரோடு

பாதி ஒப்புக்கொள்கிறேன் சார். லாக்டெப் எப்போதும் இருக்கட்டும். டெட்லாக் நடக்காமலே, நடக்க வழி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஆனால் கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கை நிழலுக்கு எடுத்துக்கொள்ளும், ஓட்டமும் கணிசமாக மெதுவாகும். நேரம் மாறிப்போவதால் சில ரேஸ் தலைகாட்டவே காட்டாது. காட்பாடி அண்ணாவின் பிழை மெமரி மீறல் மாதிரியும் தெரியவில்லை. பேஜின் நிலையைத் தவறாகக் கணக்கு வைப்பது. கேசான் அதைப் பார்க்காது. இரண்டு கெர்னல் வைத்து, இரண்டிலும் விகிதம் அளப்பதுதான் சரி.

ராணிப்பேட்டை_சிப்காட்

இரண்டு கெர்னல் என்பதை ஏற்கிறேன். லாக்டெப்பில் ஒரு எச்சரிக்கை: முதல் புகாரோடு அது தன்னை அணைத்துக்கொள்ளும். முதல் டெஸ்ட்டில் சம்பந்தமில்லாத ஒரு புகார் வந்திருந்தால், அதற்கப்புறம் ராத்திரி முழுக்க லாக்டெப் இல்லாமல்தான் ஓடியிருக்கும். பிழை தேடும் ஓட்டத்தில் டெஸ்ட்டுக்கு ஒரு பூட் என்று வையுங்கள்.

பிரின்ட்கே (கெர்னல் லாக்கில் வரி எழுதுவது) போட்டுப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். சீரியல் கன்சோல் 115200 பாட் என்றால் செகண்டுக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு 7 மில்லிசெகண்ட். ரேஸ் ஜன்னல் மைக்ரோசெகண்ட் கணக்கில் இருக்கும்போது இது எல்லாவற்றையும் புரட்டிவிடும். ட்ரேஸ் பிரின்ட்கே போடுங்கள், சிபியு வாரியான ரிங் பஃபருக்குப் போகும், செலவு மிகக் குறைவு. ஈஎக்ஸ்டி4-ன் பஞ்ச் ஹோல், ரைட்பேஜஸ் ட்ரேஸ் ஈவன்ட்களையும் ரைட்பேக் ஈவன்ட்களையும் இயக்கி, பஃபரை சிபியுவுக்கு 64 எம்பி ஆக்குங்கள். எஃப்எஸ்எக்ஸ் பிழை சொல்லி வெளியேறிய கணமே ட்ரேசிங் ஆனில் 0 எழுத வேண்டும். எஃப்எஸ்எக்ஸ்-ஐக் கூப்பிடும் ஸ்கிரிப்ட்டிலேயே அந்த வரி இருக்கட்டும். பத்து செகண்ட் தாமதித்தால் தேவையான பகுதி மேலெழுதப்பட்டுவிடும்.

காட்பாடி_ஜங்ஷன்

4096 பிளாக்கில் வரவே இல்லை. 1024-ல் ரைட்பேக்கை முடுக்கியதும் விகிதம் தெளிவாக ஏறிவிட்டது. இப்போது ஏறக்குறைய நாலில் ஒன்று. ஃபைல்ஃப்ராக் 11-வது பிளாக்குக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகக் காட்டுகிறது. கேஷைக் காலி செய்து படித்தாலும் 94 அப்படியே இருக்கிறது. பைசெக்ட் (கமிட்டுகளைப் பாதிபாதியாகப் பிரித்துக் குற்றவாளியைத் தேடுவது) போடலாமா? 475-க்கு என்ன செய்வது?

குடியாத்தம்_தறி

இப்போது போடலாம், முன்பு போட்டிருக்கக் கூடாது. 20-ல் ஒன்று என்ற விகிதத்தில் ஒரு கமிட்டை ‘நல்லது’ என்று 99 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 90 ஓட்டம். ஓட்டத்துக்கு 2 நிமிடம் என்றால் 3 மணி நேரம். நாலில் ஒன்று என்றால் 16 ஓட்டம், அரை மணிக்குச் சற்று மேல். ஆயிரம் கமிட்டுக்குப் பத்துப் படி வரும். விகிதத்தை ஏற்றச் செலவழித்த நேரம் இங்கே பல மடங்காகத் திரும்பி வருகிறது.

‘கெட்டது’ என்று சொல்ல ஒரு ஃபெயில் போதும். ஆனால் அதே ஃபெயிலாக இருக்க வேண்டும்! ஸ்கிரிப்ட் வெறும் பாஸ், ஃபெயில் பார்த்தால் போதாது. ‘ரீட் பேட் டேட்டா’ வரி இருக்கிறதா என்று பார்த்தே கெட்டது எனக் குறிக்க வேண்டும். வேறு காரணத்தால் விழுந்தால் ஸ்கிப்.

கிட் பைசெக்ட் ரன்-ல் எக்ஸிட் கோடு 0 நல்லது, 125 ஸ்கிப், 1 முதல் 127 வரை மற்றதெல்லாம் கெட்டது, 128-லிருந்து மேலே போனால் பைசெக்ட்டே நின்றுவிடும். பில்டு உடைந்தால் 125 கொடுங்கள். இங்கே ஒரு குழி: டைம்அவுட் கமாண்ட் நேரம் முடிந்தால் 124 தரும். அதை அப்படியே வெளியே விட்டால், கெஸ்ட் பூட் ஆகாமல் தொங்கியதுகூட ‘கெட்டது’ என்று பதிவாகி, பைசெக்ட் வேறு ஊருக்குப் போய்விடும். 124-ஐப் பிடித்து 125 ஆக மாற்றுங்கள்.

முடிவு வந்ததும் அந்தக் கமிட்டை மட்டும் திருப்பி எடுத்து 16 ஓட்டம், அதன் பெற்றோரில் 16 ஓட்டம். இரண்டும் சுத்தம் என்றால்தான் நம்புங்கள். நேரம் மிச்சம் என்று ஒரே ஹோஸ்ட்டில் நாலு கெஸ்ட் சேர்த்து ஓட்டினால் விகிதமே மாறும். அப்படி ஓட்டுவதானால் விகிதத்தையும் அதே நெரிசலில் அளந்திருக்க வேண்டும்.

எங்கள் பேட்ச் வரிசை என்கிறீர்களே, பத்துப் பதினைந்து பேட்ச்தான் என்றால் முதலில் எல்லாவற்றையும் கழற்றி ஒரு ஓட்டம். அங்கே வரவில்லை என்றால் நாலு படியில் முடிந்துவிடும்.

சத்துவாச்சாரி_மேடு

475-க்கு நான் சொல்கிறேன். அந்த டெஸ்ட்டில் பஃபர் ஐஓ எரர், ஜர்னல் அபார்ட் எல்லாம் வருவது இயல்பு, அவைதான் டெஸ்ட்டே. பார்க்க வேண்டியது தொங்கலை.

தொங்கும்போது சிஸ்ஆர்க்யூ டபிள்யூ கொடுங்கள். பிளாக் ஆன டாஸ்க்குகளின் ஸ்டாக் எல்லாம் கெர்னல் லாக்கில் விழும். 30 செகண்ட் விட்டு மறுபடி கொடுங்கள். இரண்டிலும் ஸ்டாக் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் டெட்லாக், அல்லது வராத ஐஓ-வுக்குக் காத்திருப்பு. மாறிக்கொண்டிருந்தால் வெறும் மெதுவு. 120 செகண்ட் என்பது ஒரு வரம்பு மட்டுமே. அந்தச் செய்தி வந்தாலே டெட்லாக் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விஎம்ஸ்டாட்டில் ‘எஸ்டி’ பத்தியைப் பாருங்கள், அது உயர்ந்திருந்தால் கெஸ்ட்டின் சிபியு நேரத்தை ஹோஸ்ட் எடுத்துக்கொள்கிறது.

டெட்லாக் என்று உறுதியானால் ஹங் டாஸ்க் பேனிக்கை 1 வைத்து, கேடம்ப் அமைத்துவிடுங்கள். மெமரி முழுதும் கிடைக்கும். எந்த லாக்கை யார் பிடித்திருக்கிறார் என்று பொறுமையாகப் பார்க்கலாம்.

அன்மவுன்ட் தொங்காமல் ‘பிஸி’ என்று மட்டும் விழுந்தால் அது வேறு வியாதி. டிஎம் டிவைஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் யூடெவ் (டிவைஸ்களைக் கவனிக்கும் சேவை) எழுந்து பிளாக்ஐடி-யை ஓட்டி டிவைஸைத் திறந்து பார்க்கும். டெஸ்க்டாப் இமேஜை கெஸ்ட்டாக வைத்திருந்தால் யூடிஸ்க்ஸ், ஃபைல் தேடல் சேவை எல்லாம் கூடவே மூக்கை நுழைக்கும். கெஸ்ட்டில் அவை எதுவும் இருக்கக் கூடாது.

ஆம்பூர்_பஸ்ஸ்டாண்டு

எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ல சீடு கொடுத்தா அதே மாதிரி திரும்ப வருமா? 475-க்கு அதை ட்ரை பண்ணலாமா?

வாலாஜா_ரோடு

ஒரு புராசஸ் என்றால் ஓரளவு வரும். பல புராசஸ் என்றால் ஒவ்வொன்றின் ஆபரேஷன் பட்டியல் திரும்பும். ஒன்றோடொன்று பின்னும் விதம் திரும்பாது. அப்படியும் சீடைக் குறித்து வையுங்கள், விகிதத்தில் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ஸில் ஒவ்வொரு புராசஸும் தனக்கென ஒரு அடைவுக்குள் போய்த்தான் வேலை செய்கிறது. அவை ஜர்னலிலும் இட ஒதுக்கீட்டிலும்தான் மோதும், ஒரே ஃபைலில் அல்ல. 475-ல் நீங்கள் தேட வேண்டியதும் ஜர்னல் பக்கம்தான்.

ஆபரேஷன்களைக் குறைத்துப் பாருங்கள்: சின்ன ‘இசட்’ எல்லாவற்றின் எடையையும் 0 ஆக்கும், பிறகு சின்ன ‘எஃப்’ போட்டு வேண்டியதை மட்டும் ஏற்றலாம். கிரியேட்டும் ரைட்டும் மட்டும் வைத்துத் தொங்கினால் பாதிக் காடு வெட்டியாயிற்று.

காட்பாடி_ஜங்ஷன்

பேட்ச் எல்லாம் கழற்றியதும் 522 சுத்தம். ஒவ்வொன்றாகப் போட்டதில், துளையின் ஓரத்துப் பேஜைக் கையாளும் இடத்தை மாற்றிய எங்கள் பேட்ச் ஒன்றில் நிற்கிறது. பாலாற்றங்கரை அண்ணா சொன்ன அதே இடம். 475 அதோடு சம்பந்தப்படவில்லை, பேட்ச் இல்லாமலும் தொங்குகிறது. சிஸ்ஆர்க்யூ இரண்டு தடவையும் ஒரே ஸ்டாக். இதை மேலே (கெர்னல் டெவலப்பர்களுக்கு) அனுப்பும்போது என்னென்ன சேர்க்க வேண்டும்?

பாலாற்றங்கரை

கெர்னல் கமிட் ஐடி, முழு கான்ஃபிக், ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் பதிப்பு, எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் கமிட், மெக்எஃப்எஸ் ஆப்ஷன், மவுன்ட் ஆப்ஷன், சிபியு எண்ணிக்கை, ராம், கியூஎமு-வில் கேஷ் மோட். இரண்டு சிஸ்ஆர்க்யூ வெளியீடும் வெட்டாமல், இடைவெளி எவ்வளவு என்ற குறிப்போடு. விகிதம், அதை எத்தனை ஓட்டத்தில் அளந்தீர்கள் என்பதோடு. ‘சில சமயம்’ என்று எழுதினால் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். 4096 பிளாக்கில் தொங்குகிறதா இல்லையா என்பதையும் அளந்து ஒரு வரி. பேட்ச் இல்லாத கெர்னலில் எடுத்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். 522 கதையை அந்த மெயிலில் கலக்க வேண்டாம்.

522-க்கு உங்கள் பேட்ச்சைத் திருத்திய பிறகு, ரைட்பேக் முடுக்கிய அதே அமைப்பில் 16 ஓட்டம் சுத்தமாக வரட்டும். அதற்கு மேல் எஃப்எஸ்எக்ஸ்-க்கு ரீப்ளே வசதி இருக்கிறது: 350, 353, 361 மூன்றையும், ஃபைலை அந்த அளவுக்கு நீட்டும் ஒரு ரைட்டையும் ஒரு சின்ன ஆபரேஷன் ஃபைலில் எழுதி, ரீப்ளே ஆப்ஸ் ஆப்ஷனில் கொடுங்கள். பக்கத்தில் சிங்க் சுற்றிக்கொண்டிருக்கட்டும். நாலே ஆபரேஷனில் பழைய பேட்ச் விழுந்து புதிய பேட்ச் நின்றால், அந்த ஃபைலையே ராத்திரி ஓட்டத்தில் தனி டெஸ்ட்டாகச் சேர்த்துவிடலாம்.